ஷஹ்ரே ஃபரங் பெட்டி: படச்சுருள் ஒருபக்கம் இழுக்கிறது, உதவுங்கள்

ஈரானியத் தெருக்களில் கஜார் மன்னர்கள் காலத்திலிருந்து படம் காட்டிய ஷஹ்ரே ஃபரங் பெட்டியின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். தகர உடல், குவிமாடங்கள், உள்ளே எட்டிப்பார்க்க லென்ஸ் பொருத்திய மூன்று வட்டத் துளைகள் எல்லாம் அழகாக அமைந்துவிட்டன. உள்ளே இரு மர உருளைகளுக்கிடையே ஓடும் படச்சுருள்தான் சிக்கல். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, சுருள் இடப்பக்கம் ஏறி மடங்குகிறது. சென்ற மாதம் தாளை மாட்டியதிலிருந்தே இப்படித்தான். படத்தைக் காட்டியபடி கதைசொல்லி பேசும்போது படம் நேராக நிற்காவிட்டால் அந்தக் கலைக்கே உயிரில்லை.

தாளுக்குப் பின்னால் துணி ஒட்டினேன். உருளைகளை மட்டம் பார்த்து மாற்றினேன். முனைகளில் தட்டு வைத்ததும் ஓரம் கிழியத் தொடங்கியது.

பழைய பெட்டியின் உட்புறத்தைப் பார்த்தவர்களோ பழுதுபார்த்தவர்களோ சொல்லுங்கள்: சுருள் விலகாமலிருக்க உருளையை எப்படி அமைக்க வேண்டும்?