சொந்தக் குளத்தில் கெண்டைக்கும் விராலுக்கும் முட்டையிட இடம் அமைத்த அனுபவம்

"குளத்தில் மீன் தானாகக் குஞ்சு பொரிக்க என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உள்ளே என்ன மீன் கிடக்கிறது என்றுதான். கட்லா, ரோகு, மிர்கால் மட்டும் என்றால் செடி வைத்தும் பயனில்லை, நார் கட்டியும் பயனில்லை. அவை வெள்ளம் புரளும் ஆற்றில் முட்டையிடுகிற சாதி. தேங்கிய தண்ணீரில் சினை முற்றுமே தவிர முட்டை விடாது. 1957-இல் மீன் ஆராய்ச்சியாளர் ஹிராலால் சௌத்ரி, மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி இந்தப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஆற்றை நம்பாமல் இவற்றின் குஞ்சு கிடைக்கத் தொடங்கியது. நம் கையால் இடம் அமைத்துப் பலன் காண ஏற்றவை சாதாக்கெண்டையும் விராலும்.

சாதாக்கெண்டையின் முட்டை பசை போல ஒட்டும். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் சேற்றில் புதைந்து மூச்சடைத்துச் சாகும். அதனால் குளத்தின் ஒரு கரையைச் சரிவாக வெட்டி, முழங்காலுக்கும் குறைவாகத் தண்ணீர் நிற்கும்படி நீளமாக ஒரு படி விட்டேன். வெயில் பட்டு அந்த இடம் சீக்கிரம் சூடேறும், மீனும் அங்கேதான் ஒதுங்கும். ஓரத்தில் வேலம்பாசி தானாக வந்தது. அதோடு நிறுத்தாமல் தேங்காய் நாரை, அதன் பழுப்புச் சாயம் இறங்கித் தண்ணீர் தெளியும்வரை பலமுறை ஊறவைத்து அலசி, மூங்கில் கழியில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கவிட்டேன். இந்தோனேசியாவில் பனைவகை மரத்தின் கறுப்பு நாரை வைத்து இதையே செய்கிறார்கள், ககாபான் என்று பெயர்.

பாசியா நாரா என்றால் நான் நாரின் பக்கம். பெற்ற மீனே முட்டையைத் தின்னும். பாசியில் ஒட்டியதைக் காப்பாற்ற வழியில்லை. நாரைக் கழியோடு தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

புதுத்தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் விடியற்காலையில் பார்த்ததை மறக்க முடியாது. வயிறு பருத்த பெண்மீனை இரண்டு மூன்று ஆண்மீன்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டே நாருக்குள் நுழைகின்றன. முதுகுத் துடுப்பு வெளியே தெரிய, தண்ணீரை அடிக்கிற சத்தம் கரைவரை கேட்கிறது. வெயில் ஏறியதும் அடங்கிவிட்டது. நாரைத் தூக்கினால் இழை இழையாக, ஊசித்தலை அளவில், ஒளி ஊடுருவும் வெளிர்மஞ்சள் முட்டைகள். ஒரு கிலோ எடையுள்ள பெண்மீன் லட்சத்துக்கு மேல் முட்டையிடும் என்று படித்திருந்தேன், அன்றைக்கு நம்பினேன். மறுநாள் கருக்கட்டாதவை வெளுத்துப்போய்ப் பூஞ்சை பிடித்திருந்தன. நல்ல முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளியாகக் கண் தெரிந்தது. 28 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். பொரித்ததும் குஞ்சு நாரிலேயே ஒட்டித் தொங்கும், வயிற்றுப் பையில் உள்ள கருவுணவு தீரும்வரை அதற்கு இரை வேண்டாம். அந்த நேரத்தில் நாரை உதறவே கூடாது.

இன்னொன்று, முட்டை ஒட்டிய பிறகு தண்ணீர் மட்டம் இறங்கக் கூடாது. ஆழமில்லாத இடம் என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் பாசியில் உள்ள முட்டை காய்ந்துவிடும். அந்த நாட்களில் குளத்திலிருந்து பாசனத்துக்கு மோட்டார் போடுவதில்லை. குஞ்சு விடும் தொட்டிக்கு வரும் தண்ணீரை நெருக்கமான வலையில் வடிகட்டித்தான் விடுவேன். தட்டான்பூச்சியின் இளம்புழு ஒன்று உள்ளே புகுந்தால் போதும், குஞ்சைப் பிடித்துத் தின்றுகொண்டே இருக்கும்.

விராலுக்கு நான் செய்தது, வேறொரு குளத்தில் கோரை மண்டிய ஒரு மூலையை வெட்டாமல் விட்டது மட்டும்தான். கோரைக்கு நடுவே செடியை விலக்கி வட்டமாக ஒரு இடம் உண்டாக்கி, அங்கே முட்டை விடும். முட்டை தேன் நிறத்தில் மேலே மிதக்கும், ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பிறகு செந்நிறக் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து வந்து போகும், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டுத் திரளின் ஓரத்தில் விரலை நனைத்தேன். கீழேயிருந்து வந்த அடியில் கை விரல் விண்ணென்று வலித்தது. இவ்வளவு பாசமாகக் குஞ்சைக் காக்கிற இந்த மீன் கெண்டைக் குஞ்சுக்கு எமன். இரண்டையும் ஒரே குளத்தில் பெருக்க நினைக்காதீர்கள்.

ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) ஏற்பாடே தேவையில்லை. ஆண்மீன் தரையில் குழி பறித்துக்கொள்ளும், பெண்மீன் முட்டையை வாயில் வைத்தே அடைகாக்கும். அதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதுதான் பாடு.

கோரை இல்லாத குளத்தில் விரால் முட்டையிட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், எந்தச் செடி, எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் மறுகரையிலும் ஒரு மூலையை ஒதுக்கப்போகிறேன்.