உமிச் சாம்பல் எங்கே கிடைக்கும்? புராஜெக்டுக்கு உதவி வேண்டும்

அண்ணன்கள், அக்காக்களுக்கு வணக்கம். சிவில் கடைசி வருடம் படிக்கிறேன், ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். எங்கள் களிமண் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை வந்தால் உப்பிச் சுவரைக் கீறிவிடும். அதில் சுண்ணாம்பும் உமிச் சாம்பலும் கலந்தால் சாலை அடித்தளத்துக்குத் தேறுமா என்பதுதான் புராஜெக்ட்.

425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை மண்ணெண்ணெயில் 10 கிராம், தண்ணீரில் 10 கிராம் போட்டு 24 மணி நேரம் விட்டேன். மண்ணின் அளவு மண்ணெண்ணெயில் 10 மில்லியில் நின்றது, தண்ணீரில் 17 வரை ஏறிவிட்டது. அதாவது 70 சதவீத உப்பல். (மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைந்தது தனிக் கதை.)

சிக்கல் சாம்பலில்தான். அரிசி ஆலையில் கொடுத்தது கரி மாதிரி கறுப்பாக இருக்கிறது. எனக்கு நன்றாக எரிந்து வெளுத்த சாம்பல் வேண்டும், அதில்தான் சுண்ணாம்போடு சேரும் சிலிக்கா சரியாக இருக்கும். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எந்த ஆலையில் கேட்கலாம்? 20 கிலோ போதும்.

அப்புறம், சுண்ணாம்பை 4 சதவீதத்தில் நிறுத்தி, சாம்பலை 5, 10, 15 என்று மாற்றினால் சரியா? சிபிஆர் (சாலை மண்ணின் தாங்குதிறனைப் பார்க்கும் சோதனை) அச்சைத் தண்ணீரில் 4 நாள் ஊறவைக்கும் முன் 7 நாள் பதப்படுத்த வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் லேப் கிடைக்கிறது.