மாரிக்கு வரும் நத்தை எல்லாம் ஆபிரிக்க நத்தையா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
ஐப்பசி மழை தொடங்கியதில் இருந்து வளவு முழுக்க நத்தை. கிணற்றடி, வாழையடி, பூவரசம் வேலி, ஒரு இடமும் மிச்சமில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் கத்தரிக் கன்றுகளில் இலை நரம்பு மட்டும்தான் நிற்கிறது. அயலில் எல்லோரும் ஆபிரிக்க நத்தை என்று சொல்லி உப்பைக் கொட்டுகிறார்கள். நான் ரோச் அடித்துப் பார்த்ததில் இரண்டு சாதி தெரிகிறது. ஒன்று கூம்பாக நீண்டு, கபிலக் கீற்றுகளோடு உள்ளங்கை அளவு. மற்றது சின்னன், தட்டை, வெளிறிய ஓடு, சுற்றிவர ஒரு கோடு ஓடுகிறது. ஊரும்போது அதன் வால் நுனியில் குட்டிக் கொம்பு மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. இது பெரியதின் குஞ்சா, வேறு இனமா? இதையும் கொல்ல வேண்டுமா?

பாலையடி:
குஞ்சு இல்லை தம்பி, குடும்பமே வேறு. ஆபிரிக்க நத்தையின் குஞ்சு கொஞ்சம் உருண்டையாக இருந்தாலும் ஓட்டின் உச்சி கூராக எழும்பும், வாலில் கொம்பும் இராது. நீங்கள் சொல்லும் தட்டை ஓடும் வால் கொம்பும் ஏரியோபாண்டிடே குடும்பத்தின் அடையாளம். உலர் வலயத்தில் கண்டது என்பதால் பெரும்பாலும் கிரிப்டோசோனா பிஸ்ட்ரியாலிஸ் என்ற இனம். இந்தக் குடும்பம் தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் சொந்தமானது. இலங்கையில் மட்டுமே உள்ள ரத்னத்வீபியா என்ற பேரினமும் இதற்குள்தான் வருகிறது, இராவணன் பெயரில் ராவணா என்றே ஒரு பேரினமும் இருக்கிறது.

முந்திய காலத்தில் ஓட்டை மட்டும் பார்த்து, தட்டையாகச் சுருண்ட எத்தனையோ நத்தைகளை நனினா என்ற ஒரே பெயரில் போட்டு வைத்திருந்தார்கள். கோட்வின் ஆஸ்டின் (கே2 மலைப் பக்கம் அளவை செய்த அதே ஆள்தான்) ஓட்டை விட்டுவிட்டு உடலை அறுத்துப் பார்த்து, இனப்பெருக்க உறுப்புகளை வைத்துப் பிரித்தார். ஓடு ஏமாற்றும், சூழலுக்கு ஏற்ப நிறமும் பருமனும் மாறும். உள்ளுறுப்பு அவ்வளவு சுலபமாக மாறாது. இவை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்த உயிர். இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்குச் சேர்க்கையின்போது துணையைக் குத்தும் ஒரு அம்பு உறுப்பும் உண்டு. இப்போது மரபணுவும் பார்க்கிறார்கள், அதனால் சில பேரினங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அடுத்த தரம் காணும்போது ஓட்டு விளிம்பின் வலப்பக்கத்தைக் கவனியுங்கள், ஒரு துளை திறந்து மூடும். மூச்சு விடுவது அதால்தான்.

வயற்காரி:
அப்ப எங்கள் குளத்திலும் வயலிலும் இருக்கிற, மூடி போட்டுக்கொள்ளும் பெரிய நத்தை? நத்தைகுத்தி நாரை கொத்தித் தின்னுமே, அதுவும் இந்தக் குடும்பமா?

பாலையடி:
இல்லை அக்கா, அது பைலா, நன்னீர் நத்தை. மீனுக்கு இருப்பது போலப் பூவும் (செவுள்) உண்டு, நுரையீரலும் உண்டு, ஆண் வேறு பெண் வேறு. அந்த மூடி அதன் உடம்போடு ஒட்டியது. வளவு நத்தைக்கு அப்படி மூடி கிடையாது. கோடையில் சளியைக் காயவைத்து வாயை அடைத்துக்கொண்டு மண்ணுக்குள்ளோ மரப்பொந்திலோ கிடக்கும். வன்னி வெயிலில் மாதக்கணக்காக எங்கே ஒளிந்திருந்தது என்று நினைக்கிறோமே, இப்படித்தான். முதல் மழையோடு எல்லாம் ஒன்றாக வெளிக்கிடும்.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. தட்டையானதும் பயிரைத் தின்னுமா, அதைச் சொல்லுங்கள்.

பாலையடி:
தின்னும். இளங்கன்றைக் கடிக்கும், மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது இந்த மண்ணில் பிறந்தது. ஆபிரிக்கனின் கதை வேறு. கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து மொரீசியஸ் வந்து, அங்கிருந்து பென்சன் என்பவர் 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். இலங்கைக்கு 1900 அளவில் வந்தது. ஒரு தரத்தில் நூற்றுக்கு மேல் முட்டை இடும். பெருக விட்டால் வளவுக்காரனால் சமாளிக்க முடியாது, ஆகவே கையைப் பெரியதில் வையுங்கள்.

மண்வெட்டி:
கைவேலை என்றால் வெறுங்கை வேண்டாம். ஆபிரிக்க நத்தையில் எலி நுரையீரல் புழு இருக்கலாம், மனிதனின் மூளை உறையைத் தாக்கக்கூடியது. கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையைக் கையில் மாட்டுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கீரையையும் நன்றாக அலசிச் சமையுங்கள். பின்னேரம் நனைந்த சாக்கையும் பப்பாசி இலையையும் பாத்தி ஓரம் போட்டு வையுங்கள், விடிய அதற்குக் கீழே கூடி நிற்கும். பெரியவற்றைப் பொறுக்கி உப்புக் கரைத்த வாளிக்குள் போடுங்கள். நிலத்தில் உப்பைக் கொட்டினால் கத்தரியும் சேர்ந்து கருகும். வாழையடி ஈர மண்ணைக் கிளறினால் மஞ்சள் கலந்த வெள்ளையில் சின்ன முட்டைகள் குவியலாக இருக்கும், அதையும் அதே வாளிக்குள் போடுங்கள்.