இடம்பெயர்வு பற்றிய கட்டுரை: எந்த இதழுக்கு அனுப்பலாம்?

வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் விதம் பற்றி, முனைவர் பட்டத்துக்காக ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்பதில்தான் குழப்பம்.

போன மாதம் ஒரு புது இதழுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று பதில். மதிப்பீட்டாளர் குறிப்பு ஒரே வரி: "நல்ல கட்டுரை." இரண்டாம் அட்டவணையில் கூட்டல் தப்பு, நானே அப்புறம்தான் கவனித்தேன். அவர்கள் திறந்தே பார்க்கவில்லை போல! சரி, தப்பித்தோம் என்று விலகிவிட்டேன்.

இப்போது மனதில் இருப்பவை: டெமோகிராஃபிக் ரிசர்ச் (1999 முதல் வருகிறது, எழுதுபவரிடம் கட்டணம் வாங்குவதில்லை), 2012இல் தொடங்கிய மைக்ரேஷன் அண்ட் டெவலப்மென்ட், 2013இல் வந்த மைக்ரேஷன் ஸ்டடீஸ். என்னிடம் இருப்பதோ 212 பேரின் பேட்டிகள், அதுவும் ஒரே ஊர். நம்பகமான ஆய்விதழ்கள் எவை என்று பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டு வந்த யுஜிசி கேர் பட்டியலும் 2025இல் போய்விட்டதால் நெறியாளரே கையை விரிக்கிறார்.

இவற்றுக்கு அனுப்பிய அனுபவம் யாருக்காவது உண்டா? முதல் பதில் வர எத்தனை மாதம் ஆனது? உள்நாட்டு இடம்பெயர்வுக்கு இடம் கொடுக்கும் புதிய இதழ் வேறு ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். ஜனவரிக்குள் அனுப்பியாக வேண்டும்.