குடிலில் பூனை, கிழவி, ஆடு: உங்கள் வீட்டில் யார் யார்?

கிறிஸ்துமஸ் மரமும் நட்சத்திரமும் எல்லார் வீட்டிலும் உண்டு. நான் தேடித் தேடிச் சேர்ப்பது நாட்டார் கதைகளிலிருந்து இறங்கி வந்த பொம்மைகளை. சேர்க்கச் சேர்க்கப் பிடிபட்டது ஒன்றுதான்: எதை எங்கே வைப்பது, என்றைக்கு வைப்பது என்பதை அதன் கதையே சொல்லிவிடும்.

ஐஸ்லாந்தின் யூல் (கிறிஸ்துமஸ்) பையன்களையே பாருங்கள். கிரீலா என்ற மலை அரக்கி பெற்ற 13 பேர். டிசம்பர் 12 தொடங்கி 24 வரை நாளுக்கு ஒருவனாக வருவார்கள். வந்த வரிசையிலேயே ஒவ்வொருவனாகத் திரும்பிப் போவார்கள். பதின்மூன்றையும் ஒரே நாளில் அலமாரியில் அடுக்கிவிட்டால் கதை போச்சு. அதனால் கதவைப் படாரென்று சாத்துகிறவன் கதவோரம், எட்டிப் பார்க்கிறவன் ஜன்னல் விளிம்பில், கடைசியாக வரும் மெழுகுவர்த்தித் திருடன் 24ஆம் தேதி விளக்குத் தட்டருகே. பிள்ளைகள் பல்கூடத் தேய்க்காமல் "இன்னைக்கு யாரு?" என்று தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.

அவர்களுடைய பூனையும் இருக்கிறது. பண்டிகைக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களைத் தின்றுவிடுமாம். கறுப்புக் கம்பளி உடம்பு, மஞ்சள் பொத்தான் கண். துணிப் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார வைத்தேன். கதையைக் கேட்ட விருந்தாளி ஒருவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்!

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். (வாசகர்களின் பதில்கள் கீழே.)

* * *

என்னிடம் கட்டலோனியாவின் 'ககனேர்' இருக்கிறார். சிவப்புக் குல்லா, இறக்கிய கால்சட்டை, குத்தவைத்து வெளிக்குப் போகும் குடியானவர். ஆமாம், குடிலில்தான். மண்ணுக்கு உரம், வரும் வருஷம் விளைச்சல் என்று அங்கே அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். மாதா முன்னால் வைக்கிற பொம்மை இல்லை. ஒரு மூலையில் ஒளித்துவைத்து, பிள்ளைகளைத் தேடவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவருக்கு முதலில் ஏகக் கோபம். விளக்கிச் சொன்ன பிறகு, அவரே தொழுவத்துக்குப் பின்னால் பாசியை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார்.

* * *

கிராம்பஸ் வாங்குகிறவர்கள் கவனம். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக் கதைகளில் வரும் கொம்பு வைத்த பூதம். சங்கிலியும் பிரம்புக் கட்டுமாக வருவான். நாக்கைத் தொங்கப்போட்டபடி தனியாக நின்றவனைப் பார்த்து என் அக்கா மகள் ஓவென்று அழுதுவிட்டாள். கதைப்படி அவன் புனித நிக்கோலாவின் துணையாள். டிசம்பர் 5 இரவு அவனுக்குரியது, மறுநாள் நிக்கோலாவின் திருநாள். நிக்கோலாவைப் பக்கத்தில் நிறுத்தி, சங்கிலியின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தேன். இப்போது அவளே அவனுக்கு உத்தரவு போடுகிறாள்.

* * *

உக்ரைன் சிலந்திக்கு என் ஓட்டு. மரத்தை அலங்கரிக்க வழியில்லாத ஏழை விதவையின் வீட்டில் இரவோடிரவாகச் சிலந்திகள் வலை பின்ன, காலை வெயில் பட்டு அது வெள்ளியாக மின்னிய கதை. கம்பியில் மணி கோத்து நானே செய்வேன். எட்டுக் காலையும் ஒரே அளவில் வளைப்பதற்குள் விரல் நுனி காந்திவிடும். கிளையின் உட்பக்கம், விளக்கொளி பின்னாலிருந்து விழும் இடத்தில் தொங்கவிட்டால்தான் வலை தெரியும். முன்னால் மாட்டினால் வெறும் ஜிகினா.

* * *

சுவீடனின் வைக்கோல் ஆடு வைத்திருப்பவர்கள் மெழுகுவர்த்தியைத் தள்ளியே வையுங்கள். யாவ்லே நகரில் 1966இல் முதல்முதலாக நிறுத்திய 13 மீட்டர் ஆட்டையே அந்த வருஷக் கடைசி இரவில் கொளுத்திவிட்டார்கள். அதற்கப்புறமும் பலமுறை எரிந்திருக்கிறது.

* * *

இத்தாலியின் பெஃபானா கிழவியை யாரும் சொல்லவில்லையே? பாலன் இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ஞானிகள் கூப்பிட்டபோது வீட்டு வேலை கிடக்கிறது என்று வர மறுத்து, பிறகு மனசு கேட்காமல் பரிசுகளோடு பாலனைத் தேடி அலைகிறவள். துடைப்பத்தோடு ஜனவரி 5 இரவில்தான் வருவாள். குடிலுக்குள் வைக்காமல், ஞானிகளுக்கு நாலடி பின்னால், வழியிலேயே நிறுத்தியிருக்கிறேன். புத்தாண்டு முடிந்த கையோடு எல்லாவற்றையும் பெட்டியில் கட்டுகிற வழக்கம் அவளால் எங்கள் வீட்டில் நின்றுபோனது.