பத்திர ஆபீஸ் மேசையும் கோயில் பீடமும்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை, ஆவண எழுத்தர்:

பத்திர ஆபீஸ் வாசலில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். கிரயம், உயில், கல்யாணப் பதிவு எல்லாம் என் மேசை வழியாகத்தான் உள்ளே போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிஎஸ்ஐ கோயிலில் இருப்பேன், தாத்தா காலத்துச் சபை. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு முந்தின வாரம், கூட்டமில்லாத ஒரு மத்தியானம் இரண்டு பெண்கள் வந்தார்கள், முப்பதைத் தொட்ட வயது. "அண்ணாச்சி, கல்யாணம் பதியணும், என்னென்ன வேணும்?" வழக்கம்போல ஆதார், போட்டோ, பத்திரிகை, கோயில் ரசீது என்று அடுக்கிவிட்டு, "மாப்பிள்ளை எங்கம்மா?" என்றேன். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பதிய முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 17-ல் ஒருபாலர் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், கல்யாணம் செய்வது அடிப்படை உரிமை என்று சொல்ல முடியாது, சட்டம் போடுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்து வாழ்வதற்கு வேறு பெயரிலாவது ஓர் அங்கீகாரம் தரலாம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் எழுதினார்கள், மற்ற மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுசீராய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர்களில் இளையவள் கேட்டாள்: "குறுக்குத்துறையில முருகனுக்கு முன்னால நின்னு மாலை மாத்திக்கிட்டோம் அண்ணாச்சி. அது சாமிக்குத் தெரியும். ஆபீசுக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒருத்தி பெயருக்கு இன்னொருத்தி உயில், ஆளுக்கொரு பவர் பத்திரம். பேங்கில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், நாமினியாகவும் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது, அதையும் சொன்னேன். ஆனால் இதெல்லாம் ஒட்டுப்போட்ட வேட்டிதான். எழுதிக்கொடுத்தவர் கண்ணை மூடிய நிமிடமே பவர் பத்திரம் செல்லாது, உயிலைச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. அவள் பாடகர் குழுவில் இருப்பவள், வேதம் நன்றாகத் தெரிந்தவள். "நாளைக்குச் சட்டம் வந்துட்டா நம்ம ஐயரவாளைப் போலீஸ் வச்சுல்லா மணமுடிக்கச் சொல்லுவாங்க" என்றாள். ஐயர் என்று நாங்கள் சொல்வது சபைப் போதகரை. சபையிலும் நிறையப் பேர் இதே பயத்தில்தான் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் விஷயம் அப்படி இல்லை. நம் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிக்காமல் மணமுடிக்க மாட்டார்கள், திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகும் சடங்கு) எடுக்காத பிள்ளைக்கும் முடியாது என்பார்கள், அதற்காக யாரும் ஐயர்மேல் கேஸ் போட்டு நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் 2013-ல் சட்டம் போட்டபோது, இங்கிலாந்துத் திருச்சபை இந்தக் கல்யாணங்களை நடத்தவே முடியாதபடி அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள், மற்ற மதத்தார் தாங்களாக விரும்பிச் சேர்ந்தால்தான் உண்டு. நம் உச்ச நீதிமன்றமும் விசாரணை தொடங்கும்போதே மதத் தனிச்சட்டங்களுக்குள் போக மாட்டோம், 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் பார்ப்போம் என்றது.

சிக்கல் வருவது ஆபீஸ் மேசையில். அமெரிக்காவில் 2015-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த பிறகு, கென்டக்கியில் கிம் டேவிஸ் என்ற அரசு அலுவலர் தன் விசுவாசத்துக்கு விரோதம் என்று கல்யாண லைசென்ஸ் தர மறுத்து ஐந்து நாள் ஜெயிலில் இருந்தார். லண்டன் இஸ்லிங்டனில் ஒரு பதிவாளர், கல்யாணச் சட்டத்துக்கு முன்பிருந்த ஒருபாலர் இணைவுகளைப் பதிய இதே காரணம் சொல்லி மறுத்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார், 2013-ல் தோற்றார். நானும் அவர்கள் விசுவாசத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், நம் ஜில்லாவில் சாதி மாறிக் கட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி பதிய வருகிற பிள்ளைகளிடம் ஒரு சார்பதிவாளர் "என் மனசாட்சி இடம் தரல" என்றால் நாம் சும்மா இருப்போமா? பீடத்தில் ஐயர் மறுக்கட்டும், அது அவருக்குரிய இடம். சர்க்கார் மேசையில் யாரும் மறுக்கக் கூடாது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம், கல்யாண வீடியோ எடுப்பவர்:

அண்ணாச்சி, ஐயருக்கும் ஆபீசருக்கும் சொன்னீங்க, என்னை மாதிரி ஆளுக்கு என்ன? இரண்டு பையன்கள், மோதிரம் மாற்றுகிற சின்ன விசேஷம், கூப்பிட்டார்கள். நான் தொழுகை விடாதவன். முடியாது என்று மரியாதையாகச் சொல்லி, வேறொரு தம்பி நம்பர் கொடுத்தேன். அமெரிக்காவில் கொலராடோவில் கேக் கடைக்காரர் ஒருவர் இதற்காகவே கோர்ட் வரை போய் 2018-ல் ஜெயித்ததாகப் படித்தேன், ஆனால் அது, விசாரித்த ஆணையம் அவர் மதத்தை மட்டமாகப் பேசிவிட்டது என்பதால் கிடைத்த தீர்ப்பு, மறுக்கலாமா கூடாதா என்ற பெரிய கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். 2023-ல் அதே கொலராடோவில் இணையதளம் வடிவமைக்கும் ஒரு பெண்ணுக்கு, தனக்கு உடன்பாடில்லாத கருத்தை உருவாக்கித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. நான் செய்தது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் போனில் அந்தப் பையன் "பரவாயில்ல பாய், நேராச் சொன்னீங்களே" என்றான் பாருங்கள், அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. என் மதத்தைச் சொல்லி எனக்கு ஒரு கடையில் இடமில்லை என்றால் நான் அவ்வளவு பொறுமையாகப் பேசியிருப்பேனா தெரியாது.

வள்ளியூர் பக்கம், திருநங்கை:

நீங்கள் எல்லாரும் மதம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்றே பேசுகிறீர்கள். நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பவள். 2018-ல் தூத்துக்குடியில் கோயிலில் வைத்து ஒரு திருநங்கை கல்யாணம் செய்துகொண்டார், பதிய மறுத்தார்கள், அவர் கணவரோடு கோர்ட்டுக்குப் போனார். 2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும்தான், பதிந்து கொடுங்கள் என்றார். அதில் எனக்கு உயிரான இடம் எது தெரியுமா? அரசியலமைப்பில் மத உரிமை தரும் 25-வது பிரிவை எங்கள் பக்கம் வைத்து எழுதினார். இந்து மதத்தைக் கடைப்பிடிக்க இவர்களுக்கு உரிமை இருக்கும்போது இந்துத் திருமணச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த முடியாது என்று. நான் பதியப் போனபோது அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், நாலாவது தடவை பதிந்தார்கள். குறுக்குத்துறையில் மாலை மாற்றிய அந்தப் பிள்ளைகளுக்கும் அதே சாமிதானே?

அம்பாசமுத்திரம்:

எங்கள் தாத்தாவும் ஆச்சியும் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் சுயமரியாதைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ல் சொன்ன பிறகு, ஊரில் ஆச்சியைப் பேசிய பேச்சை அம்மா அழுதுகொண்டே சொல்வாள். அண்ணா 1967-ல் கொண்டுவந்த சட்டத்தால்தான், இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, முன்னால் நடந்ததும் சேர்த்துச் செல்லும் என்றானது. அதனால் எந்தப் புரோகிதருக்காவது மந்திரம் சொல்லத் தடை வந்ததா? அக்கினி வளர்த்துக் கட்டுகிறவர்கள் இன்றும் அப்படியே கட்டுகிறார்கள்.

பாளையங்கோட்டை, ஆவண எழுத்தர்:

மேலப்பாளையத்துத் தம்பி, உங்கள் விஷயத்தில் எனக்கும் தெளிவில்லை, அதனால் வாய் திறக்கவில்லை. அம்பை ஆச்சி கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகள் நேற்று வந்தார்கள். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நான். இன்னொன்றுக்குச் சொந்தக்காரர் யாரையும் கூப்பிட முடியவில்லை என்று தயங்கி நின்றார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி தூக்குச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு, "எங்கம்மா போடணும்?" என்று பேனாவை வாங்கினாள்.