மூடுபனிக் காலத்தில் நைலான் கைப்பிடிகளில் வெள்ளிக்கோடும் முறிவும்: உலர்த்தியை மாற்றத்தான் வேண்டுமா?

பதிந்தவர்: குன்னூர் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில், 100 டன் விசையில் மோல்டை (வார்ப்பு அச்சை) மூடிப் பிடித்து, உருக்கிய பிளாஸ்டிக்கை அதற்குள் செலுத்தி வார்க்கும் இஞ்செக்சன் மோல்டிங் எந்திரம் ஒன்றை வைத்துச் சிறு பட்டறை நடத்தி வருகிறேன். தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரிகளுக்கான கைப்பிடிகளை நைலான் 6 என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுப்பதே முக்கிய வேலை. பங்குனி, சித்திரை மாதங்களில் குறை சொல்லும்படி எதுவும் இருப்பதில்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்து நிற்கத் தொடங்கியதும் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. கைப்பிடியின் மேற்பரப்பில் வெள்ளி நிறக் கோடுகள் விழுகின்றன; வார்த்த மறுநாளே கல்தரையில் தட்டிப் பார்த்தால், பத்தில் இரண்டு மூன்று கைப்பிடிகள் கழுத்துப் பகுதியில் முறிந்துவிடுகின்றன.

குருணையை (மூலப்பொருளாக வரும் பிளாஸ்டிக் மணிகளை) ஹாப்பர் உலர்த்தியில், அதாவது சூடான காற்று ஊதும் கொள்கலனில், 80 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் வைக்கிறேன். குருணையை உருக்கும் பேரலின் வெப்பநிலை 240 முதல் 255 டிகிரி வரை. மோல்டைக் குளிர்விக்க ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துச் சுற்றவிடுகிறேன். இந்த மாதங்களில் அது 15 டிகிரி அளவில் இருக்கிறது. ரன்னர்களை (உருகல் பாயும் வழியில் உறைந்து மிஞ்சும் துண்டுகளை) அரைத்து, புதுக் குருணையுடன் கால் பங்கு கலக்கிறேன். மலைக்காற்றின் ஈரம்தான் காரணம் என்றும், ஈரம் நீக்கிய காற்றைத் தரும் உலர்த்தி வாங்காமல் தீராது என்றும் எந்திரம் பழுது பார்ப்பவர் சொல்கிறார். அதன் விலை எனக்கு ஓராண்டு இலாபத்துக்குச் சமம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: சிட்கோ மோல்டர்

நைலானை விட்டு பாலிபுரோப்பிலீன் கோபாலிமர் என்ற வேறு பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுங்கள். அது தண்ணீரை உறிஞ்சாது, உலர்த்த வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை, விலையும் குறைவு. கருப்பு மாஸ்டர்பேட்ச் (செறிவான நிறமிக் குருணை) சேர்த்தால் வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆறும்போது ஏற்படும் சுருக்கம் நைலானிலிருந்து மாறுபடும் என்பதால் மோல்டின் அளவுகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பதில் 2: சிறு தேயிலை விவசாயி

மன்னிக்கவும், நான் இத்தொழிலைச் சேர்ந்தவன் அல்லன்; கைப்பிடியைப் பிடிக்கும் பக்கத்தில் இருப்பவன். பாலிபுரோப்பிலீன் கைப்பிடி போட்ட கத்தரிகளை இரண்டு பருவம் வைத்திருந்தோம். முறியவில்லை என்பது உண்மை. ஆனால் நாள் முழுதும் அழுத்திப் பிடிக்கும் பொருள் என்பதால், சில மாதங்களில் திருகாணி இருக்கும் இடம் தளர்ந்து ஆடத் தொடங்கியது. கொழுந்து வெட்டும் பெண்கள் அதைத் துணி சுற்றிக் கட்டியே வேலை செய்தார்கள். நைலானைக் கைவிடுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பதில் 3: பழைய டூல்ரூம்

குன்னூர் நண்பருக்கு வணக்கம். உலர்த்திக்கு இப்போதே பணம் கட்டிவிட வேண்டாம். மூடுபனியின் மேல் போடும் பழியை முதலில் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.

18 டிகிரியில் காற்று முழுக்க ஈரத்தால் நிறைந்திருந்தாலும், ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 15 கிராம் நீராவிதான் இருக்க முடியும். பனித்துளியாக மிதப்பதும் ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். சென்னையில் 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அதே கன மீட்டரில் 24 கிராம் இருக்கும். இரண்டு காற்றையும் 80 டிகிரிக்குச் சூடாக்கி ஹாப்பருக்குள் அனுப்பினால், உங்கள் காற்றுதான் அதிகமாக உலர்த்தும். ஆகவே உலர்த்திக்குள் போகும் காற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் மூட்டையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நைலான் குருணை எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதைக் காற்றிலுள்ள கிராம் கணக்கு தீர்மானிப்பதில்லை, ஒப்பு ஈரப்பதமே, அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. 50 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் நைலான் 6 மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான நீரோடு நிலைபெறும். முற்றிலும் நனைந்த சூழலில் அது ஒன்பது சதவீதத்தையும் தாண்டும். வார்ப்பதற்கோ 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முத்திரை உடையாத ஈயத்தாள் மூட்டையிலிருந்து எடுத்த குருணைக்கு உங்கள் நான்கு மணி நேரம் போதலாம். வாய் திறந்து நான்கு நாள் பனியில் கிடந்த மூட்டைக்கு ஒரு முழு நாளும் போதாமல் போகலாம். நீர் குருணையின் நடுவிலிருந்து மெல்ல ஊர்ந்து வெளியே வர வேண்டியிருப்பதால் வெப்பத்தைக் கூட்டி அவசரப்படுத்தவும் முடியாது; 80 டிகிரிக்கு மேல் வெறும் காற்றில் நெடுநேரம் வைத்தால் நைலான் மஞ்சளாகிவிடும்.

மூட்டையைப் பற்றி இன்னொன்று. மேட்டுப்பாளையத்தில் தட்டையாக இருக்கும் சிப்ஸ் பொட்டலம் குன்னூர் வந்து சேரும்போது உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருணை மூட்டைக்கும் அதே கதிதான். காற்றோடு ஒட்டப்பட்ட மூட்டை மலையேறும்போது உப்பி, ஒட்டு பலவீனமான இடத்தில் மெல்லிய பிளவு விட்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். வந்து இறங்கியதும் ஒவ்வொரு மூட்டையையும் அழுத்திப் பாருங்கள். பிரிப்பதற்கு முதல்நாள் இரவே எந்திரம் ஓடும் அறைக்குள் வைத்துவிடுங்கள். குளிர்ந்த மூட்டையைச் சூடான அறையில் திறந்தால் குருணையின் மேலேயே நீர் வியர்க்கும். மீதத்தை மூடி இறுகிய தகர டிரம்மில் போடுங்கள்.

உங்கள் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், உலர்த்தியின் விசிறி அதே கன அளவைத் தள்ளினாலும் நிறைக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே தள்ளுகிறது. முகப்பில் 80 என்று காட்டினாலும் ஹாப்பரின் நடுவில் அவ்வளவு இருக்கிறதா என்பதை நீளமான வெப்பமானியைக் குத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

குருணை உலர்ந்ததா என்பதை அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சூட்டுத்தட்டை 270 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, ஆய்வகக் கண்ணாடித் தகடு இரண்டை அதன் மேல் சூடாக்கி, ஒன்றில் நான்கைந்து குருணைகளை வைத்து, மற்றொன்றால் காசளவுக்கு நசுக்குங்கள். ஒன்றிரண்டு குமிழ்கள் இடையில் சிக்கிய காற்றாக இருக்கலாம்; குமிழ்கள் கூட்டமாகத் தெரிந்தால் ஈரம் போகவில்லை. அதுவும் முடியாவிட்டால், நாசிலை (உருகல் வெளிவரும் எந்திர முனையை) மோல்டிலிருந்து பின்னிழுத்து வெறும் காற்றில் ஒரு சாட் (ஒருமுறை செலுத்தும் அளவு) விடுங்கள். உலர்ந்த நைலான் வழவழப்பான கயிறாக வரும், ஈர நைலான் சீறிக்கொண்டு நுரையாக வரும்.

வெள்ளிக்கோட்டுக்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. 15 டிகிரித் தண்ணீர் ஓடும் மோல்டின் மேல், பனி நிறைந்த அறைக்காற்று பட்டதும் அது வியர்க்கும். குருணை ஈரத்தால் வரும் கோடு, கேட்டிலிருந்து (மோல்டுக்குள் உருகல் நுழையும் வாயிலிலிருந்து) உருகல் பாயும் திசையிலேயே எல்லாச் சாட்டுகளிலும் வரும். மோல்டு வியர்ப்பதால் வரும் கறை திட்டுத்திட்டாக, எந்திரத்தை நிறுத்தித் தொடங்கிய முதல் சில சாட்டுகளில் மட்டும் வரும். எப்படியிருந்தாலும் நைலானுக்கு 60 முதல் 80 டிகிரி வரை சூடான மோல்டுதான் ஏற்றது. குளிர்ந்த மோல்டில் வார்த்தது முழுமையாகப் படிகமாகாமல், பிறகு மெல்லச் சுருங்கி அளவு மாறும். ஓடைத் தண்ணீரை அப்படியே விடாமல் தொட்டியில் ஹீட்டர் போடுங்கள். தண்ணீர் உங்கள் ஊரில் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் இந்தத் தேவைக்கு அது தடையாகாது.

இனி முறிவு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும் இளவயதில் ஏமாந்தேன். ஈரக் குருணையை உருக்கினால், அந்தச் சூட்டில் நீர் நைலானின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. உருகல் நீர்த்து நாசிலில் ஒழுகும், பிளாஷ் (மோல்டின் இடுக்கில் கசிந்து உறையும் மெல்லிய விளிம்பு) கூடும், பொருள் நிரந்தரமாக நொறுங்கும் தன்மை பெறும். ஆனால் மிக நன்றாக உலர்த்தி வார்த்த கைப்பிடியும் மோல்டிலிருந்து வந்த புதிதில் நீரற்று விறைப்பாகவே இருக்கும். காற்றிலிருந்து இரண்டு, மூன்று சதவீத நீரை உறிஞ்சிய பிறகே அதற்கு அடி தாங்கும் உறுதி வருகிறது. மறுநாளே கல்லில் தட்டிப் பார்ப்பது நல்ல கைப்பிடிக்கும் அநியாயம் செய்யும் சோதனை. எனவே ஒரே நாளில் வார்த்தவற்றில் பத்தை எடுத்து, ஐந்தை அப்படியே ஒட்டிய உறையில் வையுங்கள். மற்ற ஐந்தை எடைபோட்டு, வெந்நீரில் ஊறவைத்து, எடை இரண்டரை சதவீதம் கூடியதும் எடுத்து ஓரிரு நாள் கழித்துத் தட்டுங்கள். ஊறியவை தாங்கினால் உங்கள் உருகலில் குறையில்லை. ஊறியும் முறிந்தால் சங்கிலி அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு சதவீத நீருக்கு ஏறத்தாழ 0.2 முதல் 0.3 சதவீதம் வரை அளவு பெருகும் என்பதால், திருகாணித் துளையை ஊறிய பிறகே அளக்க வேண்டும்.

பதிந்தவர்: குன்னூர் பட்டறை

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி இரண்டு வகையாகப் பிரித்துச் சோதித்தேன். புது மூட்டையில் வார்த்தவற்றில் ஊறிய ஐந்தும் தாங்கின, உறையில் வைத்தவற்றில் இரண்டு முறிந்தன. வெள்ளிக்கோடு விழுந்த பழைய கைப்பிடிகள் ஊறிய பிறகும் முறிந்தன. ஹாப்பரின் நடுவில் குத்திப் பார்த்தபோது 66 டிகிரிதான் இருந்தது. வடிகட்டித் துணியில் தேயிலைத் தூசி அடைத்திருந்தது என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன், பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. இப்போது டிரம்மும் தண்ணீர்த் தொட்டி ஹீட்டரும் வாங்கிவிட்டேன், கோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. வாரத்தின் முதல் நாள் மட்டும், அரைத்த ரன்னர் கலக்கும்போது சில கைப்பிடிகளில் வருகிறது.

பதில் 4: பழைய டூல்ரூம்

சனிக்கிழமை அரைத்ததைத் திறந்த தொட்டியில் விட்டுப் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அரைத்த துண்டுகளுக்கு மேற்பரப்பு அதிகம், தூளும் கலந்திருக்கும். முழுக் குருணையைவிட விரைவாக அவை ஈரம் பிடிக்கும். ரன்னர் மோல்டிலிருந்து விழும்போது உலர்ந்தே இருப்பதால், அன்றைக்கு விழுந்ததை அன்றைக்கே அரைத்துக் கலந்துவிடுங்கள்; முடியாத நாளில் அதே டிரம்மில் மூடி வையுங்கள். வெள்ளிக்கோடு விழுந்த கைப்பிடிகளை மட்டும் அரைத்துத் திரும்பக் கலக்க வேண்டாம். அவற்றை எவ்வளவு உலர்த்தினாலும் அறுந்த சங்கிலி மறுபடி ஒட்டாது.